நன்றி: இணையம்

அத்தியாயம் 6

மஞ்சள் சார்ட் ஒன்றைப் பார்த்து எனக்குக் குமட்டும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். புதன்கிழமை காலை பத்தே முக்காலுக்கு அதுதான் நடந்தது.

என் பெயர் சமீனா. தென்காசியில் கண்ணாடிக் கடை மாடியில் 'சமீனா விசாரணை நிலையம்' என்று போர்டு மாட்டிப் பதினோரு வருஷம் ஆகிறது. முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணைதான். துபாயில் மேனேஜர் என்று சொல்லிக்கொள்பவன் துபாயில் நிஜமாக என்ன செய்கிறான் என்று தெரிந்து சொல்வேன். மனிதர்களைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வைத்துக்கொள்ள இந்தத் தொழில் விடாது. மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டிருந்ததையும் இந்த வாரம் சுரண்டி எடுத்துவிட்டது.

சார்ட்டைக் கொண்டுவந்தவர் ஸ்ரீவித்யா. பொதிகைச்சாரல் மெட்ரிக் பள்ளியில் எட்டாம் வகுப்பு 'பி' பிரிவின் ஆசிரியை. இஸ்திரி குலையாத காட்டன் சேலை, கழுத்தில் அடையாள அட்டை. ரப்பர் பேண்டைக் கழற்றி என் மேசையில் சார்ட்டை விரித்தார். அது சுருண்டு சுருண்டு மூடிக்கொண்டது. என் உதவியாளன் முத்துகுமரன் ஒரு முனையில் தண்ணீர் பாட்டிலையும் மறுமுனையில் தன் முழங்கையையும் வைத்தான். முப்பத்து நாலு வயது, இரண்டு டிகிரி, மூன்று அரியர். வாய்க்கு மட்டும் லீவே கிடையாது.

மேலே ஸ்கெட்ச் பேனாவில் 'நம்பலாமா? நம்பக்கூடாதா?' என்று தலைப்பு. நடுவில் ஒரு கோடு. 'நம்பலாம்' பக்கம் நாலு படங்கள்: ஒரு பெண் போலீஸ், ஒரு டீச்சர், ஒரு நர்ஸ், வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்புமாக ஒரு டாக்டர். 'நம்பக்கூடாது' பக்கமும் நாலு: முகமூடிக்காரன், சாக்கு தூக்கியவன், கறுப்புக் கண்ணாடி வேன், கடைசியாக ஒரு நிஜ மனிதர். தலையில் துண்டு, நரைத்த தாடி, எண்ணெய் ஊறிய காக்கிச் சட்டை, சிவந்த கண்கள். எட்டுப் படத்துக்குக் கீழேயும் ஒரே வாசகம்: நன்றி: இணையம்.

"யாரு டீச்சர் இந்த இணையம்?" என்றான் முத்து. "எட்டு படமும் அவருதான் எடுத்திருக்காரு. நல்ல கேமராமேன் போல."

ஸ்ரீவித்யா சிரிக்கவில்லை. "புராஜெக்ட்ல எல்லாப் படமும் நெட்ல இருந்துதான் எடுக்கணும், கீழ நன்றி போடணும். அது எங்க ரூல் சார். போடலன்னா அஞ்சு மார்க் கட்."

"பிள்ளைங்க சொந்தமா எடுத்த படம்?" என்று கேட்டேன்.

"அதை ஒத்துக்கறது இல்ல மேடம். சோர்ஸ் இல்லாத படத்தை எப்படி ஒத்துக்க முடியும்?"

தன் கையால் எடுத்த படத்துக்கு ஆதாரம் கிடையாதாம். ஊர் பேர் தெரியாத எவனோ எடுத்ததற்கு உண்டாம். காலையிலேயே இதற்கெல்லாம் திட்ட ஆரம்பித்தால் மதியத்துக்குள் எனக்கே தொண்டை கட்டிவிடும்.

விஷயம் இதுதான். போன வெள்ளிக்கிழமை பள்ளியில் கண்காட்சி. பார்க்க வந்த யாரோ ஒரு புண்ணியவான் அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் போட்டோ எடுத்து, 'குற்றாலத்தில் சுற்றும் பிள்ளை பிடிப்பவன். உஷார். அதிகம் பகிரவும்' என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். சனிக்கிழமைக்குள் ஜில்லா முழுக்கப் போய்ச் சேர்ந்தது. படத்தில் இருப்பவர் கைலாசம். குற்றாலம் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற தொழிலாளி. ஞாயிற்றுக்கிழமை பேத்தியைக் கூட்டிக்கொண்டு கீழப்பாவூர் நரசிம்மர் கோயிலுக்குப் போயிருக்கிறார். பஸ் ஸ்டாப்பில் சூழ்ந்துகொண்டார்கள். பிள்ளை பயந்து அழுதிருக்கிறது. அழுததையே சாட்சியாக எடுத்துக்கொண்டு அடித்திருக்கிறார்கள்.

"அந்த வீடியோ எனக்கும் வந்துச்சு" என்றான் முத்து. "அடிக்கிறவன் நாலு பேரு, எடுக்கிறவன் நாப்பது பேரு."

"நாளைக்கு கரெஸ்பாண்டன்ட் என்கொயரி வச்சிருக்கார்" என்றார் ஸ்ரீவித்யா. "அந்தப் படம் எந்த சைட்ல இருந்து வந்ததுன்னு கண்டுபிடிச்சு ஒரு ரிப்போர்ட் குடுங்க மேடம். அது போதும். ஸ்கூல் மேலயோ, என் மேலயோ, அந்தப் பிள்ளை மேலயோ தப்பில்லன்னு ஆயிடும்."

"அந்த மனுஷர் மேல?"

"அவர் மேலயும்தான்." கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

சார்ட்டைத் தடவிப் பார்த்தேன். ஆறு படங்கள் பசை ஈரத்தில் சுருங்கி அப்பளமாகப் பொங்கியிருந்தன. இரண்டு மட்டும் வழவழவென்று படிந்து கிடந்தன. டாக்டர் ஒன்று, கைலாசம் இன்னொன்று. இரண்டையும் இருபக்கமும் ஒட்டுகிற டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள்.

"இதை ஒட்டினது யாரு டீச்சர்?"

"பிள்ளைதான் மேடம். ஷிஃபான்னு பேரு. திங்கள்ல இருந்து ஸ்கூலுக்கு வரலை."

"நீங்க கை வைக்கலையே?"

"நான் எதுக்கு மேடம் கை வைக்கணும்?"

முத்து அதற்குள் ஒவ்வொரு படமாகப் போனில் எடுத்து, இணையத்தில் அதே படம் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தான். கைலாசம் படத்துக்கு அந்த வாட்ஸ்அப் குப்பைதான் திரும்பத் திரும்ப வந்தது, மூலம் கிடைக்கவில்லை. மற்ற ஏழும் கிடைத்தன. டாக்டர் படத்துக்கு வந்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"அக்கா, நம்பலாம் பக்கம் நிக்காரே டாக்டரு, இவரு போன வருஷம் வடக்க எங்கேயோ கைதானவரு. பத்தாங்கிளாஸ் ஃபெயிலு. போலி டாக்டர் பிடிபட்டார்னு பேப்பர்ல வந்த போட்டோ இது. நன்றி வேற போட்டிருக்கு."

ஸ்ரீவித்யாவின் முகம் வெளுத்தது. "பிள்ளைங்க எதையும் படிச்சுப் பாக்காம எடுத்துடுதுங்க மேடம். நெட்ல டாக்டர்னு அடிச்சா எது வருதோ அது."

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். இந்த வழக்கில் நான் செய்த முதல் தப்பு அது.

குற்றாலத்தில் சாரல் நன்றாகவே இறங்கியிருந்தது. சீசனில் அந்த ஊரை எனக்குப் பிடிக்காது. அருவியை அல்ல, அருவிக்கு வருகிறவர்களை. கால் வைக்கிற இடமெல்லாம் ஷாம்பு பாக்கெட், சோப்பு உறை, எவனோ கழற்றிப் போட்ட ஈர ஜட்டி. ஸ்கூட்டரை நிறுத்த இடம் தேடியே ஐந்து நிமிஷம் போனது.

கைலாசம் வீடு லாட்ஜுகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. வாசலை அடைத்துக்கொண்டு நின்றது அவருடைய மகள் பேராச்சி. கையில் அரிவாள்மணை இருந்தது. தேங்காய் துருவிக்கொண்டிருந்தாளாம், நல்ல வேளை.

"படம் புடிக்க வந்தியளா? நேத்தும் ரெண்டு பேரு வந்தானுவ. அப்பாவ வாசல்ல வந்து நிக்கச் சொல்லுதானுவ. யூடியூபாம்."

"படம் புடிக்க வரலை தாயி" என்றான் முத்து. "புடிச்சவனப் புடிக்க வந்திருக்கோம்."

அவள் வழிவிட்டாள். உள்ளே கைலாசம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். அடிவாங்கிய மனிதர் எனக்கு மரியாதை காட்டுகிறார். எனக்கு வெட்கமாக இருந்தது.

"இருங்க அண்ணாச்சி. கை எப்படி இருக்கு?"

"எலும்பு கூடிரும்னு டாக்டர் சொல்லுதாரு. பேரு கூடுமான்னு யாருகிட்டம்மா கேக்க?" என்றார். "சாரல் ரெண்டு மாசந்தான் எனக்குப் பொழப்பு. விசயம் தெளியுற வரைக்கும் அருவிப் பக்கம் வராதன்னு போலீஸ்ல சொல்லிட்டாங்க. லாட்ஜ்காரங்களும் அதான் சொல்லுதாங்க. அவங்கள குத்தம் சொல்ல முடியாது. பிள்ளை குட்டியோட வாரவங்க பயப்படுவாங்கல்லா?"

"பேத்தி எங்க?"

"உள்ள இருக்கா. ஒண்ணாங்கிளாஸ் படிக்கா. எங்கூட ரோட்டுக்கு வரமாட்டேங்கா. அவ வந்தா தாத்தாவ அடிப்பாங்கன்னு நெனைக்கா."

பேராச்சி அடுப்படியிலிருந்து, "அந்த டீச்சரை இங்கன கூட்டியாங்க, நான் ஒரு புராஜெக்ட் சொல்லித் தாரேன்" என்றாள்.

கொடியில் ஒரு காக்கிச் சட்டை தொங்கியது. துவைத்தும் எண்ணெய்க் கறை போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிடித்து இழுத்ததில் பாக்கெட் கிழிந்து இடது மார்பில் நாக்கைத் தொங்கப் போட்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு போனில் சார்ட் படத்தைப் பெரிதாக்கினேன்.

"முத்து, இங்க பாரு. பாக்கெட் எந்தப் பக்கம்?"

"படத்துல வலது மார்புல. சட்டையில இடது மார்புல." கண்ணைச் சுருக்கினான். "அண்ணாச்சி, இதே மாதிரி வேற சட்டை வச்சிருக்கியளா?"

"இருக்கிறதே அது ஒண்ணுதான்."

"கண்ணாடி முன்னால நின்னா பாக்கெட் எந்தப் பக்கம் தெரியும்?" என்று கேட்டேன்.

முத்து தன் சட்டைப் பாக்கெட்டைத் தொட்டான். போனைத் திருப்பி முன்பக்கக் கேமராவில் தன்னையே பார்த்தான். "செல்ஃபி! அக்கா, செல்ஃபியில எடுத்தா இப்படி மாறி விழும். ஆனா இவரு எங்க செல்ஃபி எடுத்து நெட்ல போடப் போறாரு?"

"அவர் எடுக்கலைலே. அவரோட நின்னு வேற யாரோ எடுத்திருக்காங்க. தன்னை வெட்டிப் போட்டுட்டு இவரை மட்டும் வச்சிருக்காங்க. இந்தப் படம் நெட்டுக்கே போகலை. யாரோ ஒருத்தர் போன்ல இருந்து நேரா சார்ட்டுக்கு வந்திருக்கு."

கைலாசத்திடம் கேட்டேன், யாராவது கூட நின்று செல்ஃபி எடுத்தார்களா என்று.

"சீசன்ல தெனம் பத்து பேரு எடுப்பாங்கம்மா. எண்ணெயும் கையுமா நிக்கிறது அவங்களுக்கு வேடிக்கை. நான் யாரன்னு சொல்ல?"

தென்காசியில் புராஜெக்ட் என்றால் பெற்றோர்கள் போய் நிற்கிற இடம் முகம்மது ஆசிக்கின் ஜெராக்ஸ் கடை. பள்ளிக்கூடத்துக்கு எதிரே. உள்ளே நாலு கம்ப்யூட்டர், ஒரு கலர் பிரிண்டர், சுவர் நிறைய மாதிரிச் சார்ட்டுகள். நாங்கள் போனபோது ஒரு அம்மா, "பறவை பத்து, தலைவர் எட்டு, கோள் ஒரு செட்டு" என்று கத்தரிக்காய் வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற பிள்ளை ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தது. புராஜெக்ட் அந்தப் பிள்ளையுடையதுதான்.

"வாங்க லாத்தா" என்று அக்கா முறை வைத்து அழைத்தான் ஆசிக். "ஏதும் பிரிண்டா?"

"படமெல்லாம் எங்கேருந்துலே எடுக்க?"

"எல்லாம் ஃபோல்டர் போட்டு ரெடியா வச்சிருக்கேன். பாதிப் படத்துல குறுக்க எவன் பேராச்சும் போட்டிருக்கான். அதையெல்லாம் அழிச்சு நீட்டாக்கித்தான் குடுப்பேன்." பெருமையாகச் சொன்னான்.

"அது படம் எடுத்தவன் பேருலே."

"அதான் கீழ நன்றி போட்டுருதோம்லா."

பெயரை அழிப்பதற்கு ஒரு ஆள், பெயரில்லாத நன்றிக்கு அஞ்சு மார்க். இதைத்தான் பிள்ளைகளுக்குக் கல்வி என்று சொல்லிக்கொடுக்கிறார்கள்.

"வீட்டுல எடுத்த படத்தையும் பிரிண்ட் போடுவியா?" என்றேன்.

"கடை நம்பருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினா போட்டுக் குடுப்பேன்."

"எட்டாங்கிளாஸ் ஷிஃபா. போன வாரம்."

ஆசிக் போனைத் தள்ளித் தள்ளித் தேடினான். போன புதன்கிழமை, அலிமா என்ற பெயரில் ஒரு எண். பிள்ளையின் தாய். ஒரு படமும் அதற்குக் கீழே ஒரு வரியும் இருந்தன. படத்தில் பதிமூன்று வயதுப் பெண் ஒருத்தி, அழுது முடித்த கண்ணோடு சிரிக்கிறாள். தோளில் பெரிய பை. பக்கத்தில் கைலாசம் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கூச்சமாக நிற்கிறார். பின்னால் போலீஸ் உதவி மையத்தின் போர்டு, எழுத்தெல்லாம் இடவலம் மாறியிருந்தது. கீழே இருந்த வரியை முத்து சத்தமாகப் படித்தான்.

"அண்ணே, இதுல அந்தத் தாத்தா மட்டும் போதும். என்னைய வெட்டிருங்க."

ஆசிக் படத்தைப் பெரிதாக்கினான். போன் திரையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நான்தான் வெட்டினேன் லாத்தா. இந்தக் கையாலதான். அந்த மெசேஜ் வந்தப்ப நான் வெட்டின படம்னு மண்டைக்கு ஏறவே இல்ல." போனைக் கவிழ்த்து வைத்தான். "நானும் நாலு குரூப்புக்கு அனுப்பினேன்."

"உஷார் பார்ட்டிதான்லே நீ" என்றான் முத்து. அதில் சிரிப்பு இல்லை.

ஷிஃபாவின் வீட்டில் கதவைத் திறந்த அலிமா, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லித் திருப்பி அனுப்பப் பார்த்தாள். கணவன் சவூதியில், தம்மாமில் இருக்கிறான். பள்ளிக்கூட வம்பு அவன் காதுக்குப் போகக்கூடாது என்று அவளுக்குப் பயம். ஆசிக் கடையில் பார்த்த படத்தைக் காட்டினேன். அவள் அதை இதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

உள் அறையில் ஷிஃபா போர்வையை மூக்குவரை இழுத்து மூடியிருந்தாள். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "அந்தத் தாத்தா செத்துட்டாங்களா?"

"இல்லம்மா. கை ஒடிஞ்சிருக்கு. சரியாயிரும்."

அதற்குப் பிறகுதான் அழுதாள். அழுது முடிக்கட்டும் என்று இருந்தேன். முத்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் இவர்கள் குற்றாலம் போயிருக்கிறார்கள். அலிமாவும் அவள் தங்கையும் பெண்கள் பக்கம் குளிக்கப் போனார்கள். குளிக்காத ஷிஃபா பையையும் இரண்டு போனையும் வைத்துக்கொண்டு கரையில் நின்றாள். குளிக்கப் போகிற எல்லாக் குடும்பமும் இப்படித்தான் ஒருத்தரை நிறுத்திவைக்கிறது. கூட்டம் நெருக்கித் தள்ளியதில் அவள் எங்கேயோ போய்விட்டாள். யாருக்குப் போன் செய்வது? எல்லாப் போனும் அவள் பையில்தான் இருக்கின்றன.

"நான் அழுதுட்டு நின்னேன். எல்லாரும் பாத்துட்டுப் போனாங்க. அந்தத் தாத்தாதான் வந்து கேட்டாங்க. என்னைய தொடவே இல்ல. துண்டோட ஒரு நுனிய எங்கிட்ட குடுத்து, 'இதப் புடிச்சிட்டு எம் பின்னாலயே வா பாப்பா'ன்னாங்க. பூத்துல கொண்டு விட்டாங்க. உம்மா வார வரைக்கும் கூடவே நின்னாங்க. அப்பத்தான் உம்மா போன்ல செல்ஃபி எடுத்தேன்."

அலிமா வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். "நான் பக்கத்துல நின்ன ஆள நிமிந்துகூடப் பாக்கல லாத்தா. பிள்ளையக் கண்டதும் ஒரு அறை விட்டேன். தரதரன்னு இழுத்துட்டு வந்துட்டேன்."

"அப்புறம் ஏன் நன்றி இணையம்னு எழுதின?" என்று ஷிஃபாவிடம் கேட்டேன்.

"சொந்தப் படம்னு சொன்னா மிஸ் மார்க்கு போடமாட்டாங்க."

"சரி. அவர் படத்தை எந்தப் பக்கம் ஒட்டின?"

என்னை விநோதமாகப் பார்த்தாள். இது என்ன கேள்வி என்பதுபோல.

"நம்பலாம் பக்கம்."

ஜன்னலிலிருந்து முத்து திரும்பினான்.

"அப்ப அந்த டாக்டர்?"

"அவரு டாக்டரே இல்ல. பொய் டாக்டர். பேப்பர்ல வந்தவரு. நான் தேடித்தான் எடுத்தேன். கெட்டவங்க எல்லாம் முகமூடி போட்டுட்டா வருவாங்க? நல்ல டிரஸ் போட்டும் வருவாங்கன்னு காட்டத்தான் நம்பக்கூடாது பக்கம் ஒட்டினேன்."

எட்டாம் வகுப்புப் பிள்ளை படத்தைத் தேடி, செய்தியைப் படித்து, யோசித்து ஒட்டியிருக்கிறாள். நான் காலையில் அவளைக் கவனமில்லாத கழுதை என்று மனசுக்குள் திட்டியிருந்தேன்.

"எக்ஸிபிஷன் அன்னைக்குப் பாத்தா ரெண்டு படமும் மாறியிருந்துச்சு. மிஸ்கிட்ட சொன்னேன். 'நீதான் மாத்தி ஒட்டியிருந்த, நான் சரி பண்ணி வச்சேன், தேங்க்ஸ் சொல்லு'ன்னாங்க." போர்வைக்குள்ளிருந்து குரல் கம்மியது. "நானும் தேங்க்ஸ் மிஸ்னு சொல்லிட்டேன். திங்கக்கிழமை மிஸ் போன் பண்ணாங்க. யாரு கேட்டாலும் படம் நெட்ல எடுத்ததுன்னு மட்டும் சொல்லு, வேற எதுவும் பேசாதன்னு சொன்னாங்க."

மாலை நாலு மணிக்கு ஆசிரியர் அறையில் ஸ்ரீவித்யா தனியாகத்தான் இருந்தார். "சைட் கிடைச்சுதா மேடம்?" என்றார் ஆவலாக.

"கிடைச்சுது" என்றேன். "உங்க மேசைதான்."

நான் போனில் ஷிஃபாவின் செல்ஃபியைக் காட்டினேன், முத்து சார்ட்டை விரித்தான். மேசையில் பேனா ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த டேப் சுருளை எடுத்து டாக்டர் தலைமேல் வைத்தான்.

"பிள்ளை எட்டையும் பசையில ஒட்டியிருக்கா. ரெண்டு மட்டும் டேப்புல இருக்கு. அந்த ரெண்டும் இடம் மாறின ரெண்டு. டீச்சர், பேப்பர் திருத்துறப்ப சரியான விடையைத் தப்புன்னு போடுறது உண்டு. நீங்க ஆளையே திருத்திட்டியளே."

பத்து விநாடி மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். மூன்றில் உடைந்துவிட்டார்.

"நாப்பது சார்ட் மேடம். மறுநாள் சீஃப் கெஸ்ட் வர்றார். எல்லாத்தையும் நாங்கதான் சரிபண்ணி மாட்டணும். இப்படி ஒரு ஆள் நம்பலாம் பக்கத்துல இருக்கு, டாக்டர் நம்பக்கூடாதுல இருக்கார். பிள்ளை மாத்தி ஒட்டிட்டான்னுதான் யாரா இருந்தாலும் நினைப்பாங்க. நான் வேணும்னு செய்யலை."

"படத்தை மாத்தினது வேணும்னு செய்யலை. ஒத்துக்கிறேன். திங்கக்கிழமை அந்தப் பிள்ளைக்குப் போன் போட்டது? இன்னைக்கு எங்கிட்ட வந்தது? அடிபட்டவருக்காக வரலை நீங்க. பழியை இணையத்து மேல போடறதுக்கு எங்கிட்ட கையெழுத்து வாங்க வந்தீங்க."

அவர் அழுதார். எனக்குப் பரிதாபம் வரவில்லை, வந்தது அருவருப்புதான். ஆனால் அது முழுக்க அவர்மேல் மட்டும் என்றும் சொல்ல முடியாது. 'யாரா இருந்தாலும்' என்றாரே, அந்த யாரில் நானும் உண்டு. காலையில் சார்ட்டை விரித்தபோது அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேனே ஒழிய, இந்தப் பக்கம் ஏன் இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. பதினோரு வருஷம் துப்பறிந்து கண்ட லட்சணம் இதுதான்.

"என்ன செய்யணும் மேடம்?"

"நடந்ததை நடந்தபடி வீடியோவில சொல்லணும். எந்தக் குரூப்பில எல்லாம் அவர் படம் போச்சோ, அங்க எல்லாம் இது போகணும். ஆசிக்கும் அனுப்புவான், இவனும் அனுப்புவான்."

"ஷிஃபா எடுத்த அந்த செல்ஃபியைக் காட்டினா நம்புவாங்களே மேடம்..."

"பிள்ளை முகம் வேண்டாம். உங்க முகம் போதும்."

ஐந்தரை மணிக்குக் குற்றாலம் போலீஸ் பூத்தின் முன்னால், சாரலில் நனைந்துகொண்டு ஸ்ரீவித்யா பேசினார். முத்து எடுத்தான். இரண்டு தடவை குரல் உடைந்தது. வெட்டாதே என்று முத்துவிடம் சொன்னேன். பூத்தில் இருந்த ஏட்டு முழுவதையும் கேட்டார். கைலாசத்தைப் பார்த்து, "கை சரியானதும் வாரும் வே. எவனும் ஒண்ணும் சொல்லமாட்டான்" என்றார். அடித்த நாலு பேரின் பெயரும் கிடைத்துவிட்டதாம். எடுத்த நாற்பது பேரைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

கைலாசம் கிழிந்த பாக்கெட்டைத் தைத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பேராச்சி கூட வந்திருந்தாள். பேத்தி வரவில்லை. ஸ்ரீவித்யா அவர் காலில் விழப் போனார். அவர் பதறிப் பின்னால் நகர்ந்தார்.

"அதெல்லாம் வேண்டாம் டீச்சர். அந்தப் பாப்பா என்னைய எந்தப் பக்கம் ஒட்டியிருந்தா?"

"நம்பலாம் பக்கம்" என்றார் ஸ்ரீவித்யா. கைப்பையிலிருந்து டேப்பை எடுத்தார். "இப்பவே சரியா ஒட்டிடறேன் அண்ணாச்சி. உங்க கண்ணு முன்னாலயே."

கைலாசம் சார்ட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இடது கையால் தன் படத்தைப் பிரித்து எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"எந்தப் பக்கமும் ஒட்டாதீங்க. பாப்பாவுக்கு நான் நல்லாருக்கேன்னு மட்டும் சொல்லுங்க."

வழக்கு முடிந்தது என்றான் முத்து. எனக்கும் அப்படித்தான் பட்டது. ஒரு டீ குடிக்கலாம் என்று ஸ்கூட்டரை நோக்கி நடக்கத் திரும்பினேன்.

பெண்கள் பக்கத்துப் படிக்கட்டில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் தனியாக நின்று அழுதுகொண்டிருந்தான். உடம்பெல்லாம் ஈரம், இடுப்பில் துண்டு. கூட்டம் அவனைச் சுற்றிக்கொண்டு போனது. எங்களில் அவனை முதலில் பார்த்தது கைலாசம்தான். அவர் கால் தானாக ஒரு எட்டு முன்னால் போனது, கை தோளில் கிடந்த துண்டுக்குப் போனது.

அங்கேயே நின்றுவிட்டார். துண்டிலிருந்து கையை எடுத்தார்.

"டீச்சர், அங்கன ஒரு பிள்ளை வழி தெரியாம அழுதுட்டு நிக்கான். நீங்க போயிக் கூட்டிட்டு வாங்க" என்றார். "நான் வரலை."

சொல்லிவிட்டு அந்தப் பக்கம் பார்க்காமல் பூத் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.